குப்பியோ: கீழிருந்து மேலே ஏறிப் பார்க்க வேண்டிய இத்தாலிய மலை ஊர் – முழுமையான வழிகாட்டி

குப்பியோவுக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்லும் பயணத் திட்டங்களை நம்பாதீர்கள். நடு இத்தாலியின் உம்பிரியா பகுதியில், இன்ஜினோ மலையின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் இது. சுற்றுலாப் பேருந்துகள் அடிவாரத்தில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. அவர்கள் லிஃப்டில் ஏறிப் பெரிய சதுக்கத்தைப் பார்த்து, படமெடுத்து, ஏதோ சாப்பிட்டுவிட்டு, அசிசிக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். ஊருக்கு மேலே இருக்கும் மலையையும் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தாக்கையும் அவர்கள் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் குப்பியோவின் பாதி அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி இரண்டு இரவு தங்குபவர்களுக்கானது. ஒரு நாள் ஊர், ஒரு நாள் மலையும் பள்ளத்தாக்கும், கார் இருந்தால் மூன்றாம் நாள் மோன்தே குக்கோ மலை.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமையாக இருக்கும், ஏற்றங்கள் சோர்வைத் தரும். குளிர்காலத்தில் நல்ல குளிர், நடைபாதைகளில் வழுக்கல்.

மே 15 தனிக்கதை. ஊரின் காவல் புனிதரான உபால்தோவின் திருநாளுக்கு முந்தைய நாள் அது. அன்றுதான் 'கோர்ஸா தெய் சேரி' ஓட்டம். எண்கோண மரத் தூண்கள் மூன்று, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 300 கிலோ, உச்சியில் ஒரு சிறு புனிதர் சிலை. உபால்தோவின் தூண் கொத்தனார்களுடையது, சட்டை மஞ்சள். ஜார்ஜினுடையது வணிகர்களுடையது, நீலம். அந்தோணியாருடையது விவசாயிகளுடையது, கறுப்பு. நண்பகலில் பெரிய சதுக்கத்தில் தூண்களை நிமிர்த்தும்போது குடத்து நீரை ஊற்றி, குடத்தைக் கூட்டத்துக்குள் வீசி உடைக்கிறார்கள். அதன் சில்லு வீட்டுக்கு நல்லது என்று மக்கள் முட்டி மோதிப் பொறுக்குகிறார்கள். மாலை 6 மணிக்கு ஓட்டம் தொடங்கும். தெருக்கள் வழியாக ஓடி, மலை உச்சிக் கோயில் வரை தோளில் சுமந்து போவார்கள்.

இது பந்தயமே இல்லை என்பதுதான் வேடிக்கை. உபால்தோ எப்போதும் முதலில், ஜார்ஜ் இரண்டாவது, அந்தோணியார் மூன்றாவது. முந்தவே கூடாது. பின்னே எதற்கு ஓட்டம் என்றால், தூண் சாயாமல் போக வேண்டும், முன்னே போகிறவர்களோடு இடைவெளி விடக் கூடாது. உபால்தோ குழு மேலே போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் நுழைவதற்குள் கதவைச் சாத்தப் பார்க்கும். அந்தக் கதவைப் பற்றிய சண்டை அடுத்த மே வரை ஓடும்.

மே 15 அன்று போக நினைத்தால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடிக்க வேண்டும், நெரிசலில் பல மணி நேரம் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜூன் 2. அன்று ஊர்ச் சிறுவர்கள் சின்னத் தூண்களைச் சுமந்து இதே ஓட்டத்தை ஓடுகிறார்கள். சடங்கெல்லாம் அப்படியே, கூட்டம் மட்டும் தாங்கக்கூடியது. மே மாதக் கடைசி ஞாயிறன்று, சான்செபோல்க்ரோ ஊர்க்காரர்களோடு நடக்கும் குறுக்குவில் போட்டியும் பார்க்கத் தகுந்தது.

டிசம்பரில் போனால் இன்ஜினோ மலைச் சரிவு முழுவதும் விளக்குகளால் ஒரு கிறிஸ்துமஸ் மரம் வரைந்திருப்பார்கள். உயரம் 650 மீட்டருக்கும் மேல். 1981இல் தொடங்கிய வழக்கம், 1991இல் கின்னஸில் ஏறியது. டிசம்பர் 7 மாலை ஏற்றி, ஜனவரி ஆறாம் தேதித் திருநாள் கழியும் வரை எரியவிடுகிறார்கள். ஊருக்குள் நின்றால் இது ஒன்றும் புரியாது. சமவெளிச் சாலைக்கு இறங்கி வந்து பாருங்கள்.

போய்ச் சேருவது

குப்பியோவுக்கு ரயில் நிலையம் இல்லை. பயணச்சீட்டில் 'ஃபொஸ்ஸாத்தோ தி வீக்கோ – குப்பியோ' என்று இருப்பதைப் பார்த்து, இறங்கியதும் ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். இந்த நிலையம் ரோம் – அங்கோனா பாதையில் இருக்கிறது. ரோமிலிருந்து வருபவர்களுக்கு இதுவே சுலபம். பெரூஜாவிலிருந்து வந்தால் பார்த்திஜானி சதுக்கத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

ஞாயிறும் அரசு விடுமுறையும் பேருந்துகள் மிகக் குறைவு. ரயிலுக்குச் சீட்டு எடுக்கும் முன்பே பேருந்து நேரத்தைப் பாருங்கள். சீட்டை 'தபாக்கி' என்ற பெட்டிக்கடையில் முன்கூட்டியே வாங்கி, வண்டியில் ஏறியதும் இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள். பதிவாகாத சீட்டுக்கு அபராதம் உண்டு, 'தெரியாது' என்றால் விடமாட்டார்கள்.

காரில் வந்தால் ஊருக்குள் ஓட்டாதீர்கள். பழைய தெருக்களில் அனுமதியில்லாத வண்டிகளைக் கேமரா பிடித்துவிடும், பில் பல மாதம் கழித்து வரும். ரோமானிய அரங்கத்தின் பக்கம் கீழேயே நிறுத்திவிட்டு நடங்கள். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

தங்க மதிலுக்குள்ளேயே இடம் பாருங்கள். முன்பதிவின்போது 'எத்தனை படி?' என்று கேட்பது நல்லது. பழைய கல் வீடுகளில் லிஃப்ட் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் நாள்: அடிவாரத்திலிருந்து மேலே

ஊர் தென்மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. காலையில் மலை நிழல் ஊர்மேல் விழும், சாயங்காலம் வெயில் நேராகக் கல் முகப்புகளில் அடிக்கும். ஆகவே ஊர் பார்ப்பதைப் பிற்பகலிலும் மலையேற்றத்தைக் காலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் மதிலுக்கு வெளியே புல்வெளியில் இருக்கும் ரோமானிய அரங்கம். கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடம். ஏறக்குறைய 6,000 பேர் உட்காரும் அளவுக்குக் கட்டியது, கோடையில் இன்றும் நாடகம் நடக்கிறது. அரங்கத்தின் வளைவுகளுக்குப் பின்னால் ஊர் அடுக்கடுக்காக எழுவது இங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். இனி ஏறப்போகும் ஒவ்வொரு தளத்தையும் இங்கே ஒருமுறை கண்ணால் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது குவாரந்தா மார்த்திரி சதுக்கம், அதாவது நாற்பது தியாகிகள் சதுக்கம். பேருந்து நிற்கும் இடம் என்பதால் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். 1944 ஜூன் 22 அன்று, ஒரு ஜெர்மன் அதிகாரி கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கலாக இந்த ஊரின் பொதுமக்கள் 40 பேரை ஜெர்மன் படை சுட்டுக் கொன்றது. அவர்களுக்கான நினைவு மண்டபம் அருகிலேயே இருக்கிறது. சதுக்கத்தின் ஒரு பக்கம் நீண்ட திண்ணை போன்ற கட்டடம். நெசவாளர்கள் கம்பளித் துணியை நிழலில் இழுத்துக் காயவைத்த இடம். எதிரே புனித பிரான்சிஸ் கோயில். அசிசியில் தந்தையையும் சொத்தையும் உதறிவிட்டு வந்த பிரான்சிஸுக்கு ஆடையும் அடைக்கலமும் கொடுத்த ஸ்பதலோங்கா குடும்பத்தின் வீடு இருந்த இடத்தில்தான் அது எழுந்தது என்கிறார்கள். ஊரை மிரட்டிய ஓநாயோடு அவர் சமாதானம் பேசிய கதையும் இதே குப்பியோவில் நடந்ததுதான். சந்திப்பு நடந்ததாகச் சொல்லும் வித்தோரினா சிற்றாலயம் ஊருக்குக் கொஞ்சம் வெளியே, நடக்கும் தூரத்தில்.

இனி ஏறுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பொது லிஃப்ட் உண்டு, பெரிய சதுக்கத்துக்கும் அங்கிருந்து பேராலயத் தளத்துக்கும் ஏற்றிவிடும். மற்றவர்கள் சந்துகள் வழியே போங்கள். பழைய வீடுகளில் முன்கதவுக்குப் பக்கத்திலேயே, தரையிலிருந்து உயர்த்தி, ஒடுக்கமாக இன்னொரு கதவு தெரியும். 'சாவுக் கதவு', பிணத்தை வெளியே எடுக்க மட்டும் திறப்பது என்று கதை சொல்வார்கள். மாடிப்படிக்குப் போகும் சாதாரண வாசல் என்பதே நம்பத்தக்க விளக்கம். கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பெரிய சதுக்கம், பியாட்சா கிராந்தே, சரிவில் வளைவுகளைக் கட்டி அவற்றின்மேல் தட்டையாக விரித்த தளம். ஒரு பக்கம் முழுக்கத் திறந்து கீழே சமவெளி தெரியும். அதன் ஓரத்தில் பலாட்சோ தெய் கொன்சொலி, 1332இல் தொடங்கிய நகராட்சி மாளிகை. அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் சீட்டு வாங்குங்கள். அதற்குக் காரணம் ஏழு வெண்கலத் தகடுகள்.

1444இல் கிடைத்த இந்தத் தகடுகளை நகரம் 1456இல் வாங்கியது. லத்தீனுக்கு உறவான, ஆனால் இறந்துபோன உம்பிரிய மொழியில் இவ்வளவு நீளமான எழுத்து வேறெங்கும் கிடையாது. சிலவற்றில் பண்டைய இத்தாலிய மக்களான எட்ரஸ்கன்களின் வழி வந்த எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது, சிலவற்றில் லத்தீன் எழுத்து. எழுதியிருப்பது பூசாரிகளுக்கான கையேடு. முதலில் பறவைச் சகுனம் பார், பிறகு ஊரின் மூன்று வாசல்களிலும் இன்ன இன்ன பலி கொடு, பகைவர்களைப் பெயர் சொல்லி ஊரை விட்டு விரட்டு என்று போகிறது. விரட்டப்படுபவர்களில் முதலாவது தாதினாத்தே மக்கள். நீங்கள் ரயிலில் வந்திருந்தால், அவர்கள் பெயரைத் தாங்கிய குவால்தோ தாதினோ ஊரின் பக்கமாகத்தான் வந்திருப்பீர்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பக்கத்து ஊரோடு பகை! கண்ணாடிக்கு அருகே நின்று எழுத்து ஓடும் திசையை மட்டுமாவது பாருங்கள்.

மாளிகையின் கோபுரத்தில் இருக்கும் பெரிய மணியை இன்றும் ஆட்கள் மேலே ஏறிக் காலால் மிதித்து ஆட்டுகிறார்கள். திருநாள்களில் அடிப்பார்கள், அந்த நேரத்தில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இன்னும் மேலே பேராலயமும் அதற்கு எதிரே கோமகன் மாளிகையும். 1422இல் குப்பியோவில் பிறந்த உர்பினோ கோமகன் ஃபெதெரிகோ த மோந்தேஃபெல்த்ரோ கட்டியது. இங்கே அவருடைய சிறு படிப்பறையின் சுவர் முழுக்க மரத்துண்டுகளைப் பதித்து, பாதி திறந்த அலமாரி, புத்தகம், இசைக்கருவி எல்லாம் இருப்பதுபோல் கண்ணை ஏமாற்றியிருந்தார்கள். அசல் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1939இல் வாங்கினார்கள். குப்பியோவில் இருப்பது நகல். நேரம் குறைவென்றால் இதை விட்டுவிடலாம்.

இறங்கும்போது பார்ஜெல்லோ நீரூற்று. இதை மூன்று சுற்று ஓடி, ஊர்க்காரர் ஒருவர் தண்ணீர் தெளித்தால் 'பைத்தியக்காரர் உரிமம்' கிடைக்கும். குப்பியோக்காரர்களுக்குத் தாங்கள் கொஞ்சம் கிறுக்கு என்பதில் பெருமை அதிகம்.

இரண்டாம் நாள் காலை: கூண்டில் ஏறி, காலால் இறங்குங்கள்

இன்ஜினோ மலைக்கு 'ஃபுனிவியா கொல்லே எலெத்தோ' என்ற ரோப் கார் ஓடுகிறது, 1960இல் திறந்தது. பெட்டி என்று எதுவும் கிடையாது. இடுப்பு உயரக் கம்பிக் கூடை, இரண்டு பேர் நின்றபடி போகலாம். பெரிய பறவைக் கூண்டு மாதிரி இருக்கும்.

ஏறும் முறை முக்கியம். கூடை எங்கும் நிற்காது, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். தரையில் குறியிட்ட இடத்தில் நின்றால், கூடை வரும்போது பணியாளர் கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிடுவார். துணைக்கு வருபவர் அடுத்த குறியிலிருந்து அதே கூடைக்குள் குதிப்பார். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், செருப்பு கழன்று விழாதபடி பாருங்கள். உயரம் பயமென்றால் கீழே பார்க்காமல் மலையைப் பார்த்து நில்லுங்கள். ஆறு நிமிடத்தில் மேலே சேர்ந்துவிடும். பலத்த காற்று, இடி என்றால் நிறுத்திவிடுவார்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், வாசலில் எழுதியிருப்பதே சரி.

இருவழிச் சீட்டு வாங்க வேண்டாம், மேலே போக மட்டும் வாங்குங்கள்.

மேலே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் உபால்தோவின் கோயில். 1160இல் இறந்த ஆயரின் உடல் பீடத்துக்கு மேலே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்பவை அந்த மூன்று மரத் தூண்கள். அருகே நின்றால்தான் எடை உறைக்கும். மே மாத முதல் ஞாயிறு அவற்றை ஊருக்குள் இறக்கிவிடுவார்கள், 15ஆம் தேதி ஓட்டத்தில்தான் திரும்பி வரும். நடுவில் வருபவர்கள் இங்கே வெறும் இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

கோயிலோடு திரும்பிவிடாமல் இன்னும் கால் மணி நேரம் ஏறினால் பழைய கோட்டை இடிபாடு. அங்கிருந்து கிழக்கே அப்பெனைன் மலைத்தொடரும் மோன்தே குக்கோவும் தெரியும். மரநிழல் உண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தை இங்கே பிரியுங்கள்.

இறங்குவது தூண்கள் ஏறி வரும் அதே வழியில். ஒன்றன்கீழ் ஒன்றாக மடிந்து வரும் நீண்ட சரிவுகள், கடைசியில் சான் உபால்தோ வாசல், அதைத் தாண்டினால் பேராலயத்துக்குப் பக்கத்தில் ஊருக்குள் வந்துவிடுவீர்கள். நிதானமாக முக்கால் மணி நேரம். சரளைக்கல் உருளும், பிடிமானமுள்ள காலணி போடுங்கள். பாதி வழியில் திரும்பி ஒருமுறை ஏற்றத்தைப் பாருங்கள். இதில் 300 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதை வாசித்துத் தெரிந்துகொள்வது வேறு.

இரண்டாம் நாள் பிற்பகல்: போத்தாச்சோனே பள்ளத்தாக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

இன்ஜினோ மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே கமிஞ்ஞானோ ஓடை அறுத்த ஒடுக்கமான பள்ளம் இது. ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். போக இரண்டு வழி. ஒன்று கீழே தார்ச்சாலை. மற்றொன்று மேலே மலைச் சரிவை ஒட்டிப் போகும் இடைக்கால நீர்க்கால்வாய்ப் பாதை. ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த கால்வாய், ஏறக்குறைய சமமாகப் போகும், காட்சியும் நன்றாக இருக்கும். பாறை சரிந்தால் மூடிவைப்பார்கள், சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பள்ளத்தாக்கில் சாலையோரம் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறைகள் அடுக்கடுக்காகச் சாய்ந்து நிற்கும். 'ஸ்காலியா ரொஸ்ஸா' என்று பெயர். ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடியில் படிந்த சேறு. அறிவிப்புப் பலகை இருக்கும் இடத்தில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே விரல் அகலம்கூட வராத ஒரு பிளவு, அதில் கருத்த களிமண். அதுதான் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னான எல்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே டைனோசர்கள் வாழ்ந்த காலம், மேலே அவை இல்லாத காலம்.

1970களில் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இங்கே வந்தது இதற்காக அல்ல, பாறையில் பதிந்த காந்தத் திசையை அளக்க. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பில் மணல் பருமனில் இருந்த கடல் நுண்ணுயிர்க் கூடுகள் கோட்டுக்கு மேலே திடீரெனக் காணாமல் போய், மிகச் சிறியவை மட்டும் இருந்தது அவரை உறுத்தியது. அந்தக் களிமண் படிய எத்தனை காலம் ஆனது என்று அறிய, அப்பா லூயிஸ் அல்வாரெஸிடம் போனார். அவர் 1968இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். இரிடியத்தை அளக்கலாம் என்றார் அப்பா. விண்வெளித் தூசியோடு ஒரே சீராக மெல்ல மெல்ல விழும் உலோகம் என்பதால் அது கடிகாரமாக உதவும் என்பது கணக்கு. வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷலும் அளந்தபோது, சுற்றியுள்ள பாறையைவிட 30 மடங்கு வந்தது. தூசி மட்டும் இதைக் கொடுத்திருக்க முடியாது. பெரிய விண்கல் ஒன்று மோதியிருக்க வேண்டும் என்று நால்வரும் 1980இல் எழுதினார்கள். பலர் நம்பவில்லை. 1991இல் மெக்சிகோவின் யுகத்தான் கரையில் சிக்சுலூப் பள்ளம் அடையாளம் காணப்பட்ட பிறகு எதிர்ப்பு தணிந்தது.

பார்க்கும் முறை: முதலில் சாலையின் மறுபக்கம் நின்று அடுக்குகளின் சாய்வைப் பாருங்கள். பிறகு நெருங்கி, கோட்டுக்கு ஒட்டினாற்போல் கீழே பாறை வெளுத்திருப்பதையும், மேலே சிவப்பாவதையும் கவனியுங்கள். சிறு பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துப்போங்கள், கீழ்ப்பாறையில் கூடுகள் புள்ளிகளாகத் தெரியும். களிமண்ணைச் சுரண்டாதீர்கள். வந்தவர்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டியதால்தான் அங்கே குழி விழுந்திருக்கிறது. வளைவான சாலை, வண்டிகள் வேகமாக வரும், குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரியலூர், காரை பக்கம் புதைபடிவங்கள் பார்த்தவர்களுக்கு இது இன்னும் ருசிக்கும். அங்கே இருப்பதும் டைனோசர்கள் வாழ்ந்த அதே கிரெட்டேசியக் காலக் கடல் படிவுதான், ஆனால் கரையோரக் கடல். இங்கே ஆழ்கடல்.

சாப்பாடு

குப்பியோவில் கேட்க வேண்டியது 'கிரேஷா'. சூடான தட்டில் சுடும் தடித்த ரொட்டி, நடுவே கீறி இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வதக்கிய கீரையோ வைத்துத் தருவார்கள். சைவர்களுக்குக் கீரை வைத்ததே கை கொடுக்கும். மாவில் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று 'சே ஸ்த்ருத்தோ?' எனக் கேளுங்கள். பெக்கொரினோ என்ற செம்மறிப் பாலாடைக்கட்டியில் விலங்கின் வயிற்று நொதி சேர்ப்பது வழக்கம், கண்டிப்பான சைவர்கள் அதைத் தவிர்க்க வேண்டியிருக்கும். பயறுகளும் தானியங்களும் கலந்த 'இம்ப்ரெச்சாத்தா' சூப்பில் சில இடங்களில் பன்றி சேர்ப்பார்கள், அதையும் கேட்டுவிடுங்கள். முட்டை சேராத கையால் உருட்டிய 'உம்ப்ரிசெல்லி' பாஸ்தா நம்பகமானது. ட்ரஃபில் காளான் தூவி வரும், அக்டோபர் கடைசி, நவம்பரில் வெள்ளை ட்ரஃபில் சந்தை கூடும்.

மதியம் இரண்டரைக்குப் பிறகு சமையலறை மூடிவிடும், இரவு ஏழரைக்கு முன் திறக்காது. மலையிலிருந்து இறங்கும் நேரத்தை இதை வைத்துக் கணக்கிடுங்கள்.

மூன்றாம் நாள்: மோன்தே குக்கோ, இல்லையென்றால் அசிசிக்கு நடை

கார் இருந்தால் கிழக்கே அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓட்டினால் மோன்தே குக்கோ இயற்கைப் பூங்கா, சிகரம் 1,566 மீட்டர். வால் தி ராங்கோவில் வண்டியை நிறுத்தி, பீச் மரக்காட்டுக்குள் நுழைந்து புல்மேடு வரை ஏறுவது அரைநாள் நடை. குகைக்குப் போக விரும்புபவர்கள் கோஸ்தாச்சாரோ ஊரில் வழிகாட்டியோடு முன்பதிவு செய்ய வேண்டும், தனியாக நுழைய முடியாது. வாயிலிலேயே செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க வேண்டும், உள்ளே கோடையிலும் கடுங்குளிர். உயரப் பயமோ அடைந்த இடப் பயமோ இருந்தால் இது வேண்டாம். சிஜில்லோ பக்கப் புல்மேடுகளிலிருந்து ஹேங் கிளைடர், பாராகிளைடர்காரர்கள் பறப்பார்கள். பயிற்சியாளரோடு இணைந்து பறக்க ஏற்பாடு உண்டு, காற்று ஒத்துவராவிட்டால் தேதி தள்ளிப்போகும். அதனால் ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கார் இல்லாதவர்களுக்கு வேறு வழி. லா வெர்னாவிலிருந்து அசிசிக்குப் போகும் பிரான்சிஸ் யாத்திரைப் பாதை குப்பியோ வழியாகத்தான் போகிறது. இங்கிருந்து அசிசி வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பிஷ்ஷினா, வல்ஃபாப்ரிகா பக்கம் இரவு தங்கி இரண்டு அல்லது மூன்று நாளில் நடக்கலாம். முழுவதும் போக முடியாதவர்கள் முதல் சில கிலோமீட்டர், வித்தோரினா ஆலயத்திலிருந்து வயல்கள் வழியே நடந்துவிட்டுத் திரும்பலாம். நடுவில் கடைகள் மிக அரிது. தண்ணீர், சாப்பாடு இரண்டையும் குப்பியோவிலேயே வாங்கிக்கொண்டு, தங்குமிடத்துக்கு முதல் நாளே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.